சனிக்கிழமை அந்தப் பல்லைப் பிடுங்காதே

தம்பி,

வெள்ளிக்கிழமை கலியாண அழைப்புக் காட் கொடுக்கக் கொழும்புக்கு வருகிற உன் அப்பா கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு சின்னத் தைல டப்பியையும் கொடுத்து அனுப்புகிறேன். கடிதத்தை முதலில் படி. டப்பியைக் கடைசியில் திற. அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கேட்டார், மருந்து என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது முழுப் பொய்யும் இல்லை. வாயால் சொல்லி அனுப்பினால் போதாதா என்று நீ நினைப்பாய். உன் அப்பாவிடம் சொல்லி அனுப்பிய சேதி ஹட்டனைத் தாண்டினால் அதிசயம். போனில் சொல்லலாம் என்று நேற்று முன்தினம் எடுத்தேன். "சரிம்மா, சரிம்மா, ஆள் வந்துருச்சு, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாய். நீ இரண்டு தடவை "சரிம்மா" என்று சொன்னால் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்று அர்த்தம். உன்னைப் பெற்றவளுக்கு அது தெரியாதா? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கும்போது கட்டுரையில் நல்ல புள்ளி வாங்கியவள் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் உன் பள்ளிக்கூடத்துக்கு லீவுக் கடிதங்கள்தான், அதிலும் பாதி பொய்க் காய்ச்சல். ஆகவே எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கேட்பது ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமை அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை மஸ்கெலியாவில் உனக்குப் பரிசம் போட்டதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் நிறைந்துதான் இருக்கிறது. சுகந்தி நல்ல பிள்ளை. முன்பள்ளியில் நாற்பது வாண்டுகளைக் கட்டி மேய்க்கிறவளுக்கு உன்னை மேய்ப்பது பெரிய வேலை இல்லை. தட்டு மாற்றும்போது அவளுடைய சித்தப்பா தேங்காயை உருட்டிவிட்டதும் வாய்விட்டுச் சிரித்தாளே, அப்போதே எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் சாப்பாட்டுப் பந்தியில் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் கோழி எலும்பைக் கடித்துக்கொண்டிருக்க, நீ சோற்றில் ரசத்தை ஊற்றிக் குழையப் பிசைந்து இடது பக்கமாகவே ஒதுக்கி ஒதுக்கி விழுங்கினாய். கோழியைத் தொட்டுவிட்டு வைத்தாய். பப்படத்தை இலைக்கு அடியில் ஒளித்தாய். பப்படத்தை ஒளிக்கிற மாப்பிள்ளையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நடுவில் நடுவில் உன் வலது கை காதுப் பக்கம் போய்ப் போய் வந்தது. சுகந்தியின் அம்மாவும் அதைக் கவனித்திருக்கிறார். அடுப்படியில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏங்க சம்பந்தி, மாப்பிள்ளைக்கு எங்க சமையல் புடிக்கலையோ? தொட்டுத் தொட்டு வச்சுட்டாரு. இல்ல, மனசுல வேற ஏதும் வச்சிருக்காரா? இருந்தா இப்பவே சொல்லிருங்க."

அவர் கோழிக்கறியைப் பற்றிக் கேட்கவில்லை, தன் மகளைப் பற்றிக் கேட்டார். வாசலில் சுகந்தி தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையின் முகம் விழுந்ததைப் பார்த்து எனக்குப் பதறிவிட்டது. "ஐயையோ, அப்புடி ஒன்னும் இல்லங்க, அவனுக்குப் பல்லு வலி" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அவர்களும் நம்பி, எனக்குக் கிராம்பு வேறு கொடுத்துவிட்டார்கள். ஆனால் உன் கை போன இடத்தில் பல் இல்லை, தம்பி. அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். காதுத் துளைக்கு முன்னால் ஒரு விரல் அகலம், வாயைத் திறந்தால் குழி விழுகிற இடம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் என் கையும் அங்கேதான் போய்ப் போய் வந்தது.

திரும்பி வரும்போது வேனில் உன்னிடம் கேட்டேன். "சனிக்கிழமை பல்லப் புடுங்கிருவேன்மா, கலியாணத்துக்குள்ள ஆறிரும்" என்றாய். பல் டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "எக்ஸ்ரே எடுத்துப் பாத்தாங்க, பல்லுல ஒன்னும் இல்லங்கிறாங்க. ஒரு மாசம் பொறுத்துப் பாருங்கன்னாங்க. நாந்தான் புடுங்கியே ஆகணும்னு நாள் வாங்கியிருக்கேன். வலி எனக்கா அவங்களுக்கா?" என்றாய்.  அந்தக் கேள்வியைக் கிட்டத்தட்ட அப்படியே தலவாக்கலையில் ஒரு பல் டொக்டரிடம் நான் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஹட்டன் வந்துவிட்டது. நீ கொழும்பு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாய். ஜன்னல் வழியாக நீ கொட்டாவி விட்டதைப் பார்த்தேன். பாதியில் நிறுத்தி, தாடையைப் பிடித்துக்கொண்டாய்.

இனி என் கதையைச் சொல்கிறேன். பாதி உனக்குத் தெரியும். மீதியைத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். நான் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனது பதினெட்டு வயதில். கூடையின் கயிற்றை உச்சந்தலையில் மடித்த துணிக்கு மேல் மாட்டிக்கொண்டு, கூடையை முதுகில் தொங்கவிட்டுத்தானே நாங்கள் மலை ஏறுவோம். காலையில் கூடை பூப்போல இருக்கும். மழை பெய்த நாளில் ஈரக் கொழுந்து நிறைந்துவிட்டால், நிறுக்கிற இடத்துக்கு இறங்கி வரும்போது கயிறு தலையைப் பின்னால் இழுக்கும். எனக்குத் தொழில் பழக்கியவர்கள் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது இதுதான்: "பல்லச் சேத்து இறுக்கிக்க, கழுத்து ஆடாது." அது உண்மையும்கூட. பல்லை இறுக்கினால் கழுத்து கட்டை மாதிரி நிற்கும், கால் வழுக்காது. நான் அதில் கெட்டிக்காரி. வேலை செய்யும்போது என் பக்கத்தில் யாரும் பேச்சுக்கு வரமாட்டார்கள், நான் பதில் சொல்லமாட்டேன் என்று எல்லோருக்கும் தெரியும். பெருமை பிடித்தவள் என்று பேர் வாங்கினேன். உண்மையில் வாயைத் திறந்தால் கூடை ஆடும், அவ்வளவுதான்.

வலி எப்போது ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்லமுடியாது. முதலில் வலது காதுக்குள் ஒரு குடைச்சல். பிறகு பொட்டில் வலி, பிறகு கடைவாயில். காலையில் எழும்பும்போது தாடை துருப்பிடித்த கீல் மாதிரி இருக்கும். ரொட்டியைக் கடித்தால் காதுக்குள் டக்கென்று ஒரு சத்தம். நம் தோட்டத்தில் காது வலிக்கு ஒரே ஒரு காரணம்தானே உண்டு: குளிர் காற்று உள்ளே போய்விட்டது. நம் லிந்துலைக் குளிருக்கு யார்தான் இல்லை என்று சொல்லமுடியும்? எண்ணெயைச் சுடவைத்து ஊற்றினேன். அதற்கும் அடங்காததால், கம்பளித் துணியைக் காதை மூடித் தாடைக்கு அடியில் கொண்டுவந்து உச்சியில் முடிச்சுப் போட்டு இறுக்கினேன். வலி கூடக் கூட முடிச்சையும் இறுக்கினேன். அதற்கு மேலே கூடைக் கயிறு. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. வலிக்கிற தாடையைக் கீழேயிருந்து துணியால் கட்டி, மேலேயிருந்து கயிற்றால் இழுத்து, நடுவில் பல்லையும் கடித்துக்கொண்டு, காற்று மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். நான் மட்டும் இல்லை, எங்கள் கூட்டத்தில் நாலைந்து பேர் அப்படித்தான் கட்டிக்கொண்டு திரிந்தோம்.

காற்று இல்லை என்று ஆனதும் பல் மேல் சந்தேகம் வந்தது. தலவாக்கலை பல் டொக்டர் நல்ல மனுசர். தட்டிப் பார்த்தார், குளிர்ந்த தண்ணீர் வைத்துப் பார்த்தார். "அம்மா, இது நல்ல பல்லு, புடுங்குனா திரும்ப வராது" என்றார். மூன்று தடவை திருப்பி அனுப்பினார். நான்காவது தடவை அழுது, சண்டை பிடித்து, "வலி எனக்கா ஒங்களுக்கா?" என்று கேட்டுப் பிடுங்க வைத்தேன். பிடுங்கின பிறகு நாலு நாள் வலி போயே போய்விட்டது! பார்த்தீர்களா, டொக்டருக்கு என்ன தெரியும் என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஐந்தாம் நாள் மலைக்குப் போனேன். அன்றைக்குச் சாயங்காலமே வலி திரும்பி வந்தது. சரி, பக்கத்துப் பல்தான் காரணம் என்று முடிவு செய்து, அந்த டொக்டர் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுக்கொண்டு வேறு ஊருக்குப் போய் அதையும் பிடுங்கினேன். மறுபடி நாலு நாள் சுகம், ஐந்தாம் நாள் வலி. அந்த நாலு நாளும் நான் கஞ்சி குடித்துக்கொண்டு, கூடை தூக்காமல், பேசாமல் கிடந்தேன் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை. தாடைக்குக் கிடைத்த ஓய்வைப் பல் போன புண்ணியம் என்று நினைத்துக்கொண்டேன். நீ அப்போது ஏ.எல். படித்துக்கொண்டிருந்தாய். "அம்மா, இப்புடியே போனா வாயில ஒன்னும் மிஞ்சாது" என்று கேலி செய்தாய், ஞாபகம் இருக்கிறதா?

அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் வாய் பூட்டிக்கொண்டது. நீ கொழும்புக்குப் போயிருந்தாய். ஒருநாள் காலைப் பெரட்டுக் களத்தில் கங்காணி வேலைக்கு ஆள் பிரிக்க வரிசையாகப் பேர் கூப்பிடுகிறார். என் பேர் வருகிறது. பதில் சொல்ல வாயைத் திறக்கிறேன், ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. "ம்ம்" என்கிறேன். அவர் இரண்டாம் தடவை கூப்பிடுகிறார். மறுபடி "ம்ம்". "என்னா, வாயத் தொறந்து சொல்லமாட்டியளோ? அம்புட்டுப் பெருமையா?" என்று கத்தினார். நான் கையை வாயில் வைத்துக் காட்ட, அவர் ஏதோ கெட்ட சைகை என்று நினைத்துத் தோட்டத்துத் துரையிடம் போக, அதற்குள் பெண்டுகள் எல்லாம் சிரிக்க, எனக்குக் கண்ணில் தண்ணீர். டிஸ்பென்சரியில் பார்த்துவிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள்.

அங்கே பல் பிரிவில் ஒரு சிங்கள டொக்டர் பிள்ளை இருந்தாள். சுகந்தி வயதுதான் இருக்கும். பிடுங்கச் சொல்லிக் கேட்பதற்குத் தயாராகத்தான் நான் போனேன். அவள் பல்லைப் பார்க்கவே இல்லை, முதலில் கதையைக் கேட்டாள். எந்தப் பக்கம், எத்தனை நாள், காலையில் கூடவா, வேலை முடிந்து கூடவா, சத்தம் முதலில் வந்ததா, பூட்டு முதலில் வந்ததா, காய்ச்சல் உண்டா, அடிபட்டதா, மூட்டு வாதம் வேறு எங்காவது உண்டா என்று உடைந்த தமிழில் பொறுமையாகக் கேட்டாள். காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்தாள், காது சுத்தம். எக்ஸ்ரே எடுத்துப் பல்லைப் பார்த்தாள்; குறை இல்லை. இப்படி ஒவ்வொன்றாக இல்லை, இல்லை என்று தள்ளிக்கொண்டு வந்தபிறகுதான், இரண்டு காதுக்கும் முன்னால் இரண்டு விரலை வைத்து, "தொறங்க, ஹெமின், ஹெமின்" என்றாள். மெதுவாகத் திறந்தேன். தாடை நேராகக் கீழே இறங்காமல் வலது பக்கமாக ஒதுங்கிப் போவதை ஒரு கண்ணாடியில் எனக்கே காட்டினாள். வாய் எவ்வளவு திறக்கிறது என்று சின்ன அடிமட்டத்தால் அளந்தாள். பிறகு கன்னத்துச் சதையில் ஓர் இடத்தைப் பிடித்து அமுக்கினாள். எனக்கு உயிர் போனது. ஆனால் வலி அவள் அமுக்கின இடத்தில் இல்லை, காதுக்குள்ளும் நான் பிடுங்கின பல் இருந்த ஓட்டையிலும் அடித்தது.

"இதுதான் அந்த வலியா? தினம் வாறது?" என்று கேட்டாள்.

"இதுதாங்க டொக்டர், இதேதான்" என்றேன். வலித்த இடமும் வலி பிறந்த இடமும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. காதுக்கு முன்னால் தாடை எலும்பு மண்டையோடு சேர்கிற மூட்டு இருக்கிறதாம். நடுவில் மெத்தை மாதிரி ஒரு சின்னத் துண்டு. அது இடம் நழுவித் திரும்பும்போதுதான் டக்கென்று சத்தம். திரும்பாமல் நின்றுவிட்டால் வாய் பூட்டிக்கொள்ளும். அதைச் சுற்றின சதைகள் ஓயாமல் இறுகி இறுகிக் களைத்துப்போய், வலியைக் காதுக்கும் பொட்டுக்கும் பல்லுக்கும் அனுப்பிவிடுமாம். சத்தம் மட்டும் இருந்து வலி இல்லையென்றால் அதை நோய் என்று பயப்பட வேண்டியதில்லை, வைத்தியமும் பெரும்பாலும் தேவையில்லை என்றாள். வலியும் பூட்டும் வந்தால்தான் கவனிக்கவேண்டும்.

பிறகு என்ன வேலை என்று கேட்டாள். கொழுந்து எடுக்கிறேன் என்றேன். "கூட எப்புடித் தூக்குறது? காட்டுங்க" என்றாள். நான் கூச்சப்பட்டேன். அவள் விடவில்லை, தன் பையின் நீள வாரை எடுத்து என் தலையில் மாட்டி, பைக்குள் நாலு தடித்த புத்தகத்தையும் போட்டாள். நான் எழும்பி, எப்போதும் போலக் குனிந்து இரண்டு அடி வைத்தேன். "நில்லுங்க, அசையவேணாம்" என்றாள். "இப்ப பல்லு எங்க?" நான் யோசித்தேன். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பூட்டுப் போட்ட மாதிரி ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன. நான் கடித்தது எனக்கே தெரியவில்லை, தம்பி. ஆஸ்பத்திரியின் நடுவில் ஒரு கைப்பையைத் தலையில் தொங்கவிட்டபடி நின்று அழுதேன். துக்கத்தில் அழவில்லை. இத்தனை வருஷத்தில் என் வலிக்கு ஒரு பேரும் காரணமும் இருக்கிறது என்று ஒருத்தர் சொன்ன சந்தோஷத்தில் அழுதேன்.

இனிமேல் சொல்லப்போவதைத்தான் உன்னிடம் ஒன்பது வருஷமாக மறைத்தேன். அந்த டொக்டர் பிள்ளை கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள்: வீட்டில் வேறு யாருக்காவது இப்படிச் சத்தம் உண்டா? எனக்கு உடனே உன் ஞாபகம் வந்தது. நீ ஏழாம் வகுப்புப் படிக்கும்போது ரொட்டி சாப்பிட்டால் உன் தாடையில் டக், டக் என்று கேட்கும். "மாடு மாதிரிச் சத்தம் போட்டுத் திங்காத" என்று தினமும் ஏசுவேன். வேண்டுமென்றே செய்கிறாய் என்று நினைத்தேன். ஒருநாள் விருந்தாளிகள் முன்னால் நீ அப்படிச் சாப்பிட்டதற்கு அகப்பையால் முதுகில் போட்டேன். அதற்குப் பிறகு நீ ரொட்டியைப் பிளேன்டீயில் ஊறவைத்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, எங்களோடு உட்காராமல் வாசல்படியில் போய்ச் சாப்பிட ஆரம்பித்தாய். வளர்ந்த பிள்ளை, தனியாக இருக்க ஆசைப்படுகிறது என்று அப்பா சொன்னார். இதெல்லாம் அந்த ஒரு நொடியில் வந்து நின்றது. டொக்டரைப் பார்த்து, "இல்லங்க டொக்டர், வேற யாருக்கும் இல்ல" என்றேன். பிள்ளையை அடித்தேன் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல வெட்கம். அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் உன்னையும் கூட்டிவரச் சொல்லியிருப்பாள், எதைக் கவனிக்கவேண்டும் என்று உனக்கும் அப்போதே தெரிந்திருக்கும். என்னை மன்னித்துவிடு. அந்த அகப்பை இன்னும் வீட்டில் இருக்கிறது. சுகந்தி வந்ததும் அவள் கையில் கொடுத்து என் முதுகில் ஒன்று போடச் சொல்லலாம்.

எனக்கு எப்படிச் சுகமானது என்றும் சொல்லவேண்டும் அல்லவா? மந்திரம் ஒன்றும் இல்லை. உதடு சேர்ந்திருக்கட்டும், பல் சேரவேண்டாம் என்று சொல்லித் தந்தாள். சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் வேலையே இல்லையாம். வலி அதிகமாக இருந்த நாட்களில் ரொட்டியை விட்டுக் கஞ்சியும் குழைந்த சோறும், சுடுதண்ணீரில் நனைத்த துணி ஒற்றடம், கொட்டாவி வந்தால் தாடைக்குக் கீழே கையை முட்டுக் கொடுப்பது, நாக்கு நுனியை மேல் அண்ணத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகத் திறந்து மூடுகிற பயிற்சி. தூக்கத்தில் பல்லுக்கு மேல் மாட்டிக்கொள்ள ஒரு சின்னப் பிளாஸ்டிக் தட்டும் செய்து கொடுத்தார்கள். "மாட்டுக்கு லாடம் கால்ல, ஒனக்கு வாயில" என்று உன் அப்பா சிரித்தார். ஆனால் ஒரு வாரம் கழித்து அவரே, நான் பல்லை நெரிக்கிற சத்தம் ரோலிங் மெஷின் மாதிரி இருந்ததாகவும் இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குவதாகவும் ஒப்புக்கொண்டார். பெக்டரியில் முப்பது வருஷம் கொழுந்து அரைக்கிற மெஷினோடு இருந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கூடைக்கு அவருடைய பழைய பெல்ட் இரண்டைத் தைத்துத் தோளில் மாட்டுகிற மாதிரி வார் வைத்துக் கொடுத்தார். முதல் நாள் பெண்டுகள் எல்லோரும் "பாருங்கடி, பள்ளிக்கூடம் போற புள்ளய" என்று சிரித்தார்கள். பாதிக் கூடையிலேயே இறங்கி வந்து எடை போட்டதற்குக் கங்காணி முணுமுணுத்தார். அடுத்த மாதம் அந்தக் கம்பளித் துணிக்காரிகளில் மூன்று பேர் தங்கள் வீட்டுக்காரர்களின் பெல்ட்டோடு உன் அப்பாவிடம் வந்து நின்றார்கள். இரண்டு மாதத்தில் வாய் இரண்டு விரல் திறந்தது, ஆறு மாதத்தில் மூன்று. இன்றைக்கும் மழைநாளில் ஒரு டக் கேட்கும். கேட்டுவிட்டுப் போகட்டும், வலி இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோழிக்கறியை உனக்கும் சேர்த்து நான்தான் சாப்பிட்டேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ கூடை தூக்குவதில்லை. ஆனால் நீ வேலை செய்கிற இடத்துக்கு நாங்கள் போன வருஷம் வந்தபோது பார்த்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, லொறி எங்கே, சாமான் எங்கே என்று கேட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பியூட்டரில் தட்டுகிறாய். ஆள் பேசி முடிக்கும் வரைக்கும் உன் கன்னத்துச் சதை துடித்துக்கொண்டே இருந்தது. நான் டொக்டர் இல்லை. உனக்கும் இதேதான் என்று அடித்துச் சொல்லவரவில்லை. காதோ, வேறு ஏதாவதோ இருக்கலாம். அதனால்தான் பார்க்கச் சொல்கிறேன். கண்ணாடி முன்னால் நின்று உன் மூன்று விரலைச் சேர்த்து முன்பல்லுக்கு நடுவில் நேராக நுழையுமா என்று பார். முடியவில்லையென்றால் பலவந்தம் பண்ணாதே. யாராவது சுளுக்கு எடுக்கிறேன் என்று தாடையில் கை வைக்க வந்தால் ஓடிவிடு. பிறகு, பல்லை மட்டும் இல்லாமல் தாடை மூட்டையும் பார்க்கிற டொக்டர் ஒருவரைப் பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டுப் போய், இந்தக் கதையை, அகப்பை அடி உட்பட, முழுவதும் சொல். அவர்கள் பார்த்துவிட்டுப் பல்தான் காரணம் என்றால் தாராளமாகப் பிடுங்கிக்கொள். பல் டொக்டர்களோடு எனக்கு ஒரு பகையும் இல்லை. தலவாக்கலை டொக்டரிடம் போய் மன்னிப்புக்கூடக் கேட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்தார்.

இன்னொன்று. சுகந்தியிடம் சொல். பரீட்சைக்குப் பயந்தபோதும், முதல் வேலையில் முதலாளி ஏசினபோதும், பொறுத்துக்கொண்டு இரு, வெளியில் காட்டாதே என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். அந்தப் பாடத்தை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை செம்போடு வாசலில் நின்ற முகத்தை நீ பார்க்கவில்லை. உனக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இந்த மாதம் முழுவதும் இருக்கப்போகிறாள். இந்தக் கடிதத்தையே அவளிடம் காட்டு, எனக்கு வெட்கம் இல்லை. மணவறையில் இருந்து எழும்பினதும் உங்கள் இரண்டு பேருக்கும் பாலும் பழமும் ஊட்டப்போகிறவள் நான்தான். வாழைப்பழத்தைச் சின்னத் துண்டாகவே வெட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்போது டப்பியைத் திற. பஞ்சுக்குள் இரண்டு கடைவாய்ப் பல் இருக்கும். பயப்படாதே, என்னுடையவைதான், உப்புத் தண்ணீரில் கழுவி வைத்திருக்கிறேன். இரண்டையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார். ஒரு பூச்சி அரித்த ஓட்டை, ஒரு வெடிப்பு, கடுகளவு கறுப்பு, ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்தால் சனிக்கிழமை போய் உன் பல்லைப் பிடுங்கிக்கொள். நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். நான் பதினொரு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன், தம்பி. இன்னும் கிடைக்கவில்லை.

உன் அம்மா